ஏழடி வாசல்

நம்பாதவர்கள் தூத்துக்குடிக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். கடற்கரைக்கு இறங்குகிற சந்து ஒன்றில், கடற்கல்லால் கட்டிய அந்த ஓட்டு வீடு இன்னும் நிற்கிறது. வாசலைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடலாம். ஏழடி உயர நிலைக்கால்களுக்கு நடுவே, ஆறடிக்கும் தாழ்வாக ஒரு குறுக்குக்கட்டை ஓடும். அதற்கு மேலே கண்ணாடி. பார்க்க அரைக்கால் சட்டை போட்ட ஆள் மாதிரி இருக்கும். புத்தி தெளிவாக இருக்கிற எந்த ஆசாரியும் அதைத் தன் வேலை என்று வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.

எனக்கு இதைச் சொன்னவள் அந்த வீட்டு மருமகள் பிலோமி. அவளுக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிந்திருந்தால் நடுவில் இத்தனை தடவை அழாமல் சொல்லியிருப்பாள்.

அந்த வாசல் முதலில் ஐந்தரை அடிதான். அந்தக் காலத்து வீடுகளெல்லாம் அப்படித்தான். புயல் காற்றுக்குப் பயந்து குட்டையாகக் கட்டி வைத்தார்கள். வீட்டுக்காரர் வில்பிரட்டும் அவர் மனைவி பிளாரன்சும் குள்ளமானவர்கள், அதனால் வாசல் அவர்களுக்குப் போதுமாக இருந்தது. ஒரே மகன் மனுவேல்தான் யாரைக் கொண்டு பிறந்தானோ, பதினாறு வயதிலேயே ஆறடியைத் தாண்டிவிட்டான். அவன் நெற்றியில் ஒரு புடைப்பு எப்போதும் இருக்கும். அவன் செருப்புச் சத்தம் சந்தில் கேட்டதும் பிளாரன்ஸ் குசினிக்குள் அடுப்படியில் இருந்தே குரல் கொடுப்பாள்.

"ஏலே, குனிஞ்சு வாலே!"

"சரிம்மா, குனிஞ்சுட்டேன்" என்பான். சொல்லி வாய் மூடுவதற்குள் டொம் என்று சத்தம் கேட்கும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள், மகன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சிரிப்பான்.

ஒருநாள் அடி பலமாகப் பட்டு ரத்தம் வந்துவிட்டது. மறுநாளே வில்பிரட் கடப்பாரையை எடுத்தார். கேட்காத கடனெல்லாம் கேட்டு, சுவரை ஓடு வரைக்கும் இடித்து, ஏழடிக்கு நிலை வைத்தார். உடைந்த தோணிப் பலகைகளைச் சேர்த்து அதற்கு ஒரு கதவும் செய்து மாட்டினார். அகலம் பழைய இரண்டரை அடியேதான். தெருவே சிரித்தது. மாதா சப்பரத்தை வீட்டுக்குள்ளேயே இறக்கி வைத்துக்கொள்ளப் போகிறாயா என்று கேட்டார்கள். வில்பிரட் காதில் வாங்கவில்லை. மகன் நிமிர்ந்து நடந்து வீட்டுக்குள் வருவதை அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பார்த்தார். சில வருஷம் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்.

பிலோமி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது வாசல் ஏழடியாகிவிட்டது. அவள் ஐந்தடிகூட இல்லாதவள். கல்யாண போட்டோவுக்கு அவளை முக்காலியில் ஏற்றி நிறுத்தினார்கள். மனுவேல் அவளிடம் எதைச் சொல்வதானாலும் குனிந்துதான் சொல்வான். நிமிர்ந்து நடக்கிற அந்த மனிதன் வீட்டில் குனிவது தனக்காக மட்டும்தான் என்று அவளுக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமை ஒரு வருஷம்கூட முழுசாக நீடிக்கவில்லை. அறுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகையில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போன தோணி திரும்பி வரவில்லை. மனுவேலும் அதில் போயிருந்தான். மூன்று பேரை மட்டும் ஏதோ ஒரு கப்பல்காரன் கடலில் இருந்து தூக்கினான். தோணியை நடத்திப்போன தண்டல் ரோச் அந்த மூவரில் ஒருவர், புன்னைக்காயல்காரர். துறைமுகத்தில் அழுதுகொண்டு நின்ற இரண்டு பெண்களிடமும் அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"அலை அடிச்சுட்டுப் போயிட்டு. ஒரே நொடிதான். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

பிறகு அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

உடல் கிடைக்கவில்லை. பிளாரன்சுக்கு அது போதும். உடலைக் காட்டாதவரைக்கும் என் மகன் சாகவில்லை என்று ஒரே பிடியாக நின்றாள். மரித்தோர் பூசை வைக்க விடவில்லை. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு ஊரே மெழுகுதிரியோடு போகும்போது, கடலில் போனவர்களுக்குக் கடற்கரைக் குருசடியில், சிலுவை நட்ட மேடையில், திரி ஏற்றுவது வழக்கம். பிலோமி ஒரு வருஷம் திரியைக் கையில் எடுத்துவிட்டாள். மாமியார் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"உசுரோட இருக்கவனுக்குத் திரி கொளுத்துதியாளா?"

ஆக, பிலோமியின் கழுத்தில் தாலி கிடந்தது. புருஷன் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அவள் பெண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. கன்னியர் மடத்துத் தையல் கூடத்துக்குப் போவாள், வருவாள், சோறு பொங்குவாள். அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. அவன் பெயருக்கு ஒரு பூசை, ஒரு மெழுகுதிரி. அதன் முன்னால் உட்கார்ந்து ஒரு தடவை வயிறு எரிய அழுது தீர்க்க வேண்டும். அதற்குத்தான் ஆறு வருஷமாக வழியில்லாமல் இருந்தது.

இன்னொன்று. அந்தி மணி அடித்ததும் பிளாரன்ஸ் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவாள். சொல்லி முடித்ததும் கதவைச் சாத்துவாள், தாழ்ப்பாள் போட மாட்டாள். மழை, பனி, கொசு எதுவும் கணக்கில்லை. பிலோமி அதைக் கிழவியின் பிடிவாதம் என்றே நினைத்திருந்தாள்.

எழுபத்து நாலு ஐப்பசியில் அந்தத் தோணிப்பலகைக் கதவு கைவிட்டுவிட்டது. அடிப்பலகை உப்புக் காற்றில் உளுத்து உதிர்ந்தது, மேல் கீல் கழன்று தொங்கியது. மழை நேராக உள்ளே வந்து கட்டில் காலை நனைத்தது. பிலோமி பழைய மரக்கடைக்குப் போய் நல்ல தேக்கங்கதவு ஒன்றைப் பார்த்து எடுத்தாள். கடையில் கிடந்த கதவெல்லாம் ஒரே உயரம்தான், ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏழடி வாசலுக்கு யார் கதவு செய்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

பிச்சையா ஆசாரி வந்து அளந்தார். மறுபடியும் அளந்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"யம்மா, இது ஆள் போற வழியா, கொடிமரம் நடுத குழியா?"

"என்ன செய்யலாம், அண்ணாச்சி?"

"ஏழடிக்குப் புதுசாவே செய்யலாம். ஆனா ஒல்லியா ஒசரமா நிக்கும். கடக்காத்து அடிச்சா கீலைப் பிச்சிக்கிட்டுப் போயிரும். இல்லேன்னா ஒரு குறுக்குக்கட்டை குடுத்து நிலையை எறக்கிருவோம். மேல கண்ணாடி போட்டா வெளிச்சமும் வரும்."

முக்காலியில் உட்கார்ந்திருந்த பிளாரன்ஸ் தலையைத் தூக்கினாள்.

"அவன் வந்தா?"

அவ்வளவுதான் கேட்டாள். ஆறு வருஷமாக அடக்கி வைத்ததெல்லாம் பிலோமிக்குத் தொண்டைக்கு வந்தது. ஆசாரி முன்னால் என்றுகூடப் பார்க்கவில்லை.

"இனி இந்த வீட்டுல ஏழடிக்கு ஆள் கெடையாது, மாமி. நீங்க எறக்கிருங்க, அண்ணாச்சி."

அவன் செத்துவிட்டான் என்று அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பிளாரன்ஸ் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டாள்.

பிச்சையா ஆசாரி வேலையை ஒரே நாளில் முடித்தார். குறுக்குக்கட்டையை நிலைக்கால்களில் ஏற்றி அறைந்து, கதவை மாட்டி, மேலே கண்ணாடி பொருத்தி, எண்ணெய் தடவினார். அவர் வழக்கப்படி ஒரு சிட்டிகை மஞ்சள் வைக்கப் போனவர், இது வேதக்காரர் வீடு என்று ஞாபகம் வந்து கையைத் துடைத்துக்கொண்டார். பிலோமி குருத்தோலை ஞாயிற்றுக்கு முடைந்த ஓலைச் சிலுவையை எடுத்துக் கட்டையின் நடுவில் ஆணி அடித்து மாட்டினாள்.

ஆசாரி உளிகளைச் சாக்கில் சுருட்டிக்கொண்டிருந்தார். கோவிலில் அந்தி மணி அடித்தது. அதற்குள் திரும்பியிருந்த பிளாரன்ஸ் வழக்கம்போல எழுந்து புதுக் கதவைத் திறந்து வைத்தாள்.

டொம்.

ஒரே ஒரு சத்தம். கனமாக, மொத்தையாக, மரத்தில் எதுவோ முட்டியது போல.

பிலோமி ஆசாரியைப் பார்த்தாள். ஆசாரி கட்டையைப் பார்த்தார்.

"பச்சைக் கட்டைல்லா, முறுக்கு விடுது" என்றார்.

சாக்கைத் தூக்கிக்கொண்டு அவர் போகிற வேகம் பிலோமிக்குப் பிடிக்கவில்லை. திரும்பினால் மாமியார் முக்காலியில் உறைந்துபோய் இருக்கிறாள். கையிலிருந்த ஜெபமாலை தரையில் கிடக்கிறது. கண் வாசலிலேயே இருக்கிறது.

மறுநாள் காலையில் ஓலைச் சிலுவை கீழே கிடந்தது. ஆணி அப்படியே இருந்தது. காற்றுதான் என்று சொல்லிக்கொண்டு பிலோமி அதை மறுபடி மாட்டினாள். மாட்டும்போது கட்டையின் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மரம் ஈரமாக இருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு.

தூத்துக்குடியில் உப்பு எங்கேதான் இல்லை? சட்டி, துணி, சுவர், தலைமுடி எல்லாமே உப்புத்தான். அப்படித்தான் அவள் தன் மனதுக்குச் சமாதானம் சொன்னாள். ஆனால் கட்டையின் மற்ற இடமெல்லாம் ஆசாரி தடவிய எண்ணெய் மினுமினுவென்று காய்ந்தே இருந்தது.

அன்று அந்தியில் சத்தம் இரண்டு தடவை கேட்டது. அதற்கு அடுத்த நாள் பிலோமி எண்ணவில்லை. எண்ணப் பயமாக இருந்தது. சத்தம் ஒரே சீராக வந்தது. டொம்... கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை... டொம்... மறுபடி ஒன்றுமில்லை. கதவை ஆட்டிப் பார்த்தாள், கதவு ஆடவில்லை. ஓட்டின் மேல் ஏறி யாராவது விளையாடுகிறார்களா என்று வெளியே ஓடிப் பார்த்தாள். எதிர்வீட்டுச் சங்கரம்மாள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"யக்கா, இந்தச் சத்தம் கேக்குதா?"

"எந்தச் சத்தம்ளா?"

பிலோமிக்கு அந்த நிமிஷமும் அது கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

நவம்பர் ஒன்றாம் தேதி. மறுநாள் கல்லறைத் திருநாள். மத்தியானத்திலிருந்தே வானம் கருத்துக் கிடந்தது. கடல் இரைகிற இரைச்சல் சந்து வரைக்கும் கேட்டது. நாலு மணிக்கே விளக்கு ஏற்ற வேண்டியதாயிற்று. கரண்டு போய்விட்டதால் சிம்னி விளக்குத்தான்.

பிளாரன்ஸ் அன்று ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

அந்தி மணி அடித்தது. மழையும் பிடித்துக்கொண்டது. பிளாரன்ஸ் எழுந்தாள். பிலோமி ஓடிப்போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"இன்னிக்கு வேண்டாம், மாமி. மழ அடிக்கி."

"தெறளா."

"காத்து, மாமி. வெறும் காத்து."

"காத்துக்குத் தலை உண்டாளா?"

பிலோமி கதவை விட்டு விலகினாள். பிளாரன்ஸ் திறந்தாள்.

வாசலில் யாரும் இல்லை. சந்து வெறுமையாக நனைந்துகொண்டிருந்தது.

டொம்.

குறுக்குக்கட்டை அதிர்ந்தது. பிலோமி கண்ணால் பார்த்தாள். நிலையோரத்துக் காரைத் தூள் உதிர்ந்தது.

டொம்...

ஓலைச் சிலுவை அவள் காலடியில் விழுந்தது.

டொம்...

அவள் கட்டைக்கு நேர் கீழே நின்றாள். ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் விழுந்தது. மழைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும். இது வெதுவெதுப்பாக இருந்தது.

"முட்டுதான்" என்றாள் பிளாரன்ஸ்.

"யாரு, மாமி?"

"ஏழடி வாசல்ல சத்தமில்லாம வந்து போயிக்கிட்டிருந்தான். ஆறு வருசமா கதவைத் தெறந்து வைக்கம்லா, எதுக்குன்னு நெனச்ச? முக்காலியைத் தாண்டிப் போவான். காத்து தட்டுத மாதிரி இருக்கும். இப்போ உள்ள வர முடியல. முட்டுதான், பாரு."

டொம்...

அப்போது தனக்குப் பயம் போய்விட்டது என்றாள் பிலோமி. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். பயம் போய், அந்த இடத்தில் ஆறு வருஷத்து அழுகை மொத்தமும் வந்து நின்றதாம். அவனை வெளியே நிறுத்தியது அவள்தான். ஏழடிக்கு ஆள் கிடையாது என்று சொன்ன வாய் அவளுடையது. தரையில் உட்கார்ந்து மாமியாரின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"நாளைக்கே ஆசாரியை வரச் சொல்லுதேன், மாமி. இடிச்சு எடுத்துருவோம். நான் தெரியாமச் செஞ்சுட்டேன்."

"நாளைக்கு வரைக்கும் என் புள்ள முட்டிக்கிட்டு நிக்கணுமாளா?"

டொம்...

டொம்...

இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. கண்ணாடி கிணுகிணுத்தது.

பிளாரன்ஸ் பிலோமியின் கையை மெல்ல விலக்கினாள். முக்காலியை ஓரமாக நகர்த்தி வைத்தாள். சேலையைச் சரி செய்துகொண்டாள். வாசலைப் பார்த்து நின்று, பதினாறு வயதுப் பையனை அதட்டுகிற அதே குரலில் சொன்னாள்.

"ஏலே மனுவேலு... குனிஞ்சு வாலே."

சத்தம் நின்றது.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் சத்தம் நின்றது தெரிந்தது.

பிளாரன்ஸ் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். பழைய நாளில் ஒரு பதில் வருமே, அந்தப் பதிலுக்காக. பதில் வரவில்லை.

சிம்னிக்குள் சுடர் உள்பக்கமாகச் சாய்ந்தது... நிமிர்ந்தது.

உள் அறையில் மனுவேலின் கயிற்றுக் கட்டில் ஒருமுறை முனகியது.

அப்புறம் ஒன்றுமில்லை.

பிளாரன்ஸ் கதவைச் சாத்தினாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தாழ்ப்பாளைப் போட்டாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை தேம்புவது போலத் தேம்பித் தேம்பி அழுதாள். மருமகளும் மாமியாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதது அன்றைக்குத்தான்.

உள் அறைக்கு இருவரும் போகவில்லை. விடிந்த பிறகுதான் பிலோமி எட்டிப் பார்த்தாள். கட்டில் காலியாக இருந்தது. கயிறு மட்டும் நடுவில் தொய்ந்திருந்தது. அது பழங்கட்டில்தான், முன்பே தொய்ந்திருந்ததா என்று அவளுக்கு நிச்சயமில்லை.

பிளாரன்ஸ் குளித்துவிட்டு வந்தாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையைக் கட்டியிருந்தாள்.

"சாமியார்ட்ட போயி அவன் பேருக்குப் பூசை கேட்டுட்டு வா, பிலோமி."

"மாமி..."

"வந்துட்டாம்லா. வீட்டுக்கு வந்துட்டான். இனி பூசை வைக்கலாம்."

பூசை நடந்தது. "மனுவேலின் ஆன்மாவுக்காக" என்று சாமியார் பெயர் சொல்லி வாசித்தபோது பிலோமி ஆறு வருஷமாக ஆசைப்பட்டபடி வயிறு எரிய அழுதாள். சாயங்காலம் கடற்கரைக் குருசடிக்குத் திரி கொண்டுபோனாள். பிளாரன்சுக்குக் கால் வலி, வரவில்லை. மழை விட்டிருந்தது. குருசடியைச் சுற்றி மணலில் நூற்றுக்கணக்கில் திரிகள் எரிந்தன. அவளும் ஒன்றை ஏற்றி மணலில் ஊன்றி, காற்று படாமல் கையால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள். நிமிர்ந்து பார்த்தாள். ரோச் தண்டல். ஆறு வருஷத்தில் முடி முழுக்க நரைத்துவிட்டது.

"பூசையில அவன் பேரு வாசிச்சதைக் கேட்டேம்மா. புள்ளையைச் செத்தவனா அந்தத் தாய் ஒத்துக்கிடட்டும்னுதான் இவ்வளவு காலமா வாயை மூடிக்கிட்டுக் கெடந்தேன். இனி யார்ட்டயாவது சொல்லலேன்னா எனக்கு மண்டை வெடிச்சிரும்."

அவர் மணலில் உட்கார்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் திரியைப் பார்த்தே சொன்னார்.

"அலை அடிச்சுட்டுப் போகலம்மா. நான் சொன்னது பொய். தோணி கவுந்தப்போ மனுவேலு அடித்தட்டுல தண்ணி எறச்சுக்கிட்டிருந்தான். தோணி அப்படியே தலைகீழா மெதந்துச்சு. நாங்க மூணு பேரு அடிமரத்தைப் புடிச்சுக்கிட்டு மேல கெடந்தோம். அவன் உள்ள இருந்தான். உசுரோட."

பிலோமியின் கை திரியிலிருந்து விலகியது.

"உள்ள கொஞ்சம் காத்து நின்னுருக்கும் போல. ஒசரமான ஆளுல்லா... அலை தூக்கும்போதெல்லாம் தலை பலகையில முட்டும். டொம்முனு கேக்கும். அடுத்த அலை வரைக்கும் ஒண்ணும் இருக்காது. திரும்பவும் முட்டுவான். எங்ககிட்ட கோடாலி இல்ல, கத்தி இல்ல. நகத்தால பலகையைப் பிறாண்டுனோம்மா. ராத்திரி பூரா கேட்டுச்சு. மறுநாப் பகல் பூரா கேட்டுச்சு."

அவர் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"ரெண்டாம் நாள் பொழுது அடையுத நேரம். முட்டுதது வேகமாச்சு. பெறவு குரல் கேட்டுச்சு. பலகைக்கு அங்கன இருந்து, தெளிவா. எங்ககிட்ட பேசல. அவன் அம்மாகிட்ட பேசுத மாதிரி இருந்துச்சு."

"என்ன சொன்னாவ?"

"எனக்கு இன்னிக்கு வரைக்கும் அர்த்தம் புரியலம்மா. 'யாரும்மா நிலையை எறக்குனது?'ன்னு கேட்டான். ரெண்டு தரம் கேட்டான். என்ன நிலை, எங்க எறக்குனாங்க? நடுக்கடலு... தண்ணிக்குள்ள கெடக்குதவன் கேக்குத கேள்வியா அது?"

திரி படபடத்தது. பிலோமி அதை மறைக்கவில்லை. மனுவேல் அப்படிக் கேட்டபோது வீட்டு நிலை ஏழடி. பிச்சையா ஆசாரி அந்தச் சந்துக்குள் கால் வைத்ததுகூட இல்லை. ரோச் தண்டல் அவர்கள் வீட்டைக் கண்ணால் கண்டவர் இல்லை.

"அதுக்குப் பெறவு?"

"கொஞ்ச நேரம் சத்தமில்ல. யாரோ கூப்பிட்டதுக்குப் பதில் சொல்லுத மாதிரி, சிரிச்சுக்கிட்டே சொன்னான்."

"என்னன்னு?"

"'சரிம்மா... குனிஞ்சுட்டேன்'னான். அதோட முட்டுத சத்தம் நின்னுபோச்சு. விடியக்காலம் கப்பல்காரன் எங்களைத் தூக்குனான். தோணி எங்க கண்ணு முன்னால அமுங்கிப் போச்சு."

பிலோமி இதைப் பிளாரன்சிடம் சொல்லவேயில்லை. மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டான் என்கிற நிம்மதியோடே கிழவி இன்னும் ஒன்பது வருஷம் இருந்து போய்ச் சேர்ந்தாள். அவள் கூப்பிட்டது அவனைக் கரை சேர்த்ததா, இல்லை நடுக்கடலில் தண்ணீருக்குள் குனிய வைத்ததா? பிலோமிக்கு அதற்கு விடை தெரியாது. எனக்கும் தெரியாது.

நிலையை மறுபடி உயர்த்தச் சொல்லிப் பிச்சையா ஆசாரியை யாரும் கூப்பிடவில்லை. குறுக்குக்கட்டை இன்னும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளை பூத்திருக்கும். எவ்வளவு துடைத்தாலும் போகாது. பிலோமிக்கு இப்போது வயதாகிவிட்டது, இருந்த உயரத்திலும் கொஞ்சம் குறைந்துவிட்டாள். அவள் தலைக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவே ஓர் அடிக்கு மேல் இடம் இருக்கிறது. ஆனாலும் அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் அவள் குனிந்துதான் நுழைகிறாள்.